அந்த வீடியோவை டாக்டரிடமும் காட்டுங்கள்

டாக்டரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போனில் பார்த்த மருத்துவம் பற்றியவை. அதனால் தைராய்டு, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். யூடியூபில் ஒருவர், "சர்க்கரை ஒரு நோயே இல்லை. என் பொடியை 15 நாள் சாப்பிட்டால் மாத்திரையைத் தூக்கி எறியலாம்" என்று பேசுவதைக் கேட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் ஏதாவது சொன்னால், "இத்தனை லட்சம் பேர் பார்த்திருக்காங்களே, அவங்கல்லாம் முட்டாளா?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது? (வாசகி, திருமங்கலம்)

பதில்: முதலில் இன்றைக்கே சர்க்கரை அளவைப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஏறியிருந்தால் வாக்குவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதைப் படிப்பவர்கள் வீட்டில் டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) உள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எந்த வீடியோவுக்காகவும் அதில் கை வைக்காதீர்கள்.

இனி உங்கள் அம்மாவின் விஷயம். அந்த வீடியோ எடுபடுவதற்குக் காரணம், அதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் டைப் 2 சர்க்கரையில் சிலருக்கு மாத்திரை இல்லாமலே அளவு கட்டுக்குள் வருவது உண்டு. 2017இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத 298 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குச் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் கொடுத்து எடையைக் குறைக்க வைத்தார்கள். ஒரு வருட முடிவில் எடை குறைப்புப் பிரிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மற்றப் பிரிவில் 4 சதவீதம். 15 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேலாக அந்த நிலைக்கு வந்தார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தியது மருத்துவர்கள் கண்காணிப்பில். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும் என்பதால் அதைக் 'குணமாகிவிட்டது' என்று அவர்கள் சொல்லவில்லை.

இப்போது அம்மாவோடு உட்கார்ந்து அதே வீடியோவை மறுபடியும் போடுங்கள். இடையிடையே நிறுத்தி, "இவர் எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்தாராம்? பொடி சாப்பிடாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டாரா? எவ்வளவு நாள் கவனித்தார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. குணமானதாகப் பேசும் இரண்டு பேரின் பேட்டியும், ஒரு குளுக்கோமீட்டரின் படமும்தான் இருக்கும். குளுக்கோமீட்டர் காட்டுவது அந்த நிமிட அளவை மட்டுமே. இரண்டு நாள் சோற்றைக் குறைத்தாலே அது இறங்கும். சர்க்கரை உண்மையிலேயே கட்டுப்பட்டதா என்று பார்க்க எச்பிஏ1சி என்ற பரிசோதனை இருக்கிறது. அது கடந்த மூன்று மாத சராசரியைச் சொல்வது. 15 நாளில் அதைக் காட்டி நிரூபிக்க யாராலும் முடியாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். சர்க்கரையைக் குணமாக்குவதாக ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். புற்றுநோய், வலிப்பு போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. லட்சம் பேர் பார்த்தார்கள் என்றால், லட்சம் பேருக்குச் சர்க்கரையைப் பற்றிக் கவலை இருக்கிறது என்று அர்த்தம். அதில் எத்தனை பேருக்குக் குணமானது என்பது அந்த எண்ணில் இல்லை.

"ஏமாந்துட்டீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தினமும் மாத்திரை விழுங்கும் சலிப்பு அவருக்குத்தான் தெரியும். அந்தச் சலிப்புக்கு யாரோ ஒருவர் காது கொடுத்ததாக நினைத்துத்தான் அவர் அங்கே போயிருக்கிறார். எடையைக் குறைத்து மாத்திரையைக் குறைக்க வழி உண்டா என்று டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். அது நியாயமான கேள்வி.

கேள்வி: என் கணவருக்குக் குடலில் புற்றுநோய், கீமோ நடக்கிறது. முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் தினமும் வருகிறது. கொடுக்கவில்லை என்றால் நான் அக்கறை இல்லாதவள் என்பதுபோல் பேசுகிறார்கள். (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: உங்கள் அக்கறையை யாரும் அளக்க வேண்டியதில்லை, சகோதரி. கீமோ நாட்களில் கூடவே நிற்பவர் நீங்கள்.

அந்தப் 'பத்தாயிரம் மடங்கு' எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1990களில் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் மேல் இந்த மரத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார்கள். ஒரு வகைச் செல்லைக் கொல்வதில் அது ஒரு கீமோ மருந்தைவிட வீரியமாக இருந்தது. அவ்வளவுதான். தட்டில் இருக்கும் செல்லை அடர்த்தியான உப்புக் கரைசலும் கொல்லும், வினிகரும் கொல்லும். மருந்து என்று சொல்ல வேண்டுமானால் அது வயிற்றைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கட்டிக்குப் போய்ச் சேர்ந்து, நல்ல செல்களை விட்டுவிட்டுக் கெட்டதைத் தாக்க வேண்டும். இதெல்லாம் மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டு முள் சீத்தா தேறவில்லை. ஃபார்வர்டு இந்த இடத்தைத்தான் விழுங்கிவிடுகிறது. 'ஆய்வில் நிரூபணம்' என்று பார்த்தால், எதன் மேல் ஆய்வு என்று கேளுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா?

தீங்கு இல்லைதானே என்றும் சொல்வார்கள். கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு. அங்கே இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் அதிகமாக இருப்பதை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு துண்டுப் பழம் சாப்பிடுவது வேறு, இலையைக் காய்ச்சித் தினமும் மாதக்கணக்கில் குடிப்பது வேறு. கீமோ நடக்கும்போது எதைப் புதிதாகக் கொடுப்பதென்றாலும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். குரூப்பில், "டாக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பழியை நாங்கள் சுமந்துகொள்கிறோம்.

கேள்வி: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே? (வாசகர், காரைக்குடி)

பதில்: வேண்டாம் ஐயா. இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை அறையில், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, துடிப்பு திடீரென்று மாறினால் நோயாளியை இருமச் சொல்வது உண்டு. அங்கே சுற்றிலும் மருத்துவர்கள் நிற்கிறார்கள். வீட்டில் அது பொருந்தாது என்று அமெரிக்க இதயச் சங்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் 108க்குப் போன் செய்யுங்கள். கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். இருமுவதில் போகும் நிமிடங்கள் திரும்பக் கிடைக்காது.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டும். ஆட்டிசம் வரும் என்று ஓர் ஆடியோ கேட்டேன். வெளிநாட்டு டாக்டரே சொல்லியிருக்கிறாராம். தூக்கமே வரவில்லை. (இளம் தாய், கும்பகோணம்)

பதில்: அந்த வெளிநாட்டு டாக்டரைப் பற்றி உங்களுக்கு முழுக் கதையும் தெரிய வேண்டும். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, பிரிட்டன்காரர். 1998இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதுபோல் எழுதினார். எத்தனை குழந்தைகளை வைத்து? பன்னிரண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழந்தைகள் ஒருவர்கூட இல்லை. தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் வாங்கியிருந்ததும் பிறகு வெளியே வந்தது. 2010இல் 'லான்செட்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

பன்னிரண்டு ஒரு பக்கம், ஆறரை லட்சம் இன்னொரு பக்கம். ஆனால் ஆடியோவில் அந்தப் பன்னிரண்டு மட்டும்தான் இன்னும் சுற்றுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இந்த ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. தட்டம்மையால் மூச்சுத் திணறி வரும் குழந்தையைப் பார்த்த எந்த டாக்டருக்கும் அந்த நாட்கள் வேதனையாகத்தான் இருந்திருக்கும்.

ஆட்டிசம் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுகிறது. ஊசி போடுங்கள் அம்மா. அன்று லேசாகக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று செவிலியர் சொல்வார், கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: "கூகுளில் பார்த்தேன் சார்" என்றாலே எங்கள் டாக்டர், "அப்போ கூகுளிடமே மருந்து வாங்கிக்கோ" என்கிறார். கேட்பதே தப்பா? (வாசகர், சாத்தூர்)

பதில்: தப்பே இல்லை. இதில் எங்கள் தரப்பைத்தான் நான் குறை சொல்வேன். காலையிலிருந்து கூட்டத்தைப் பார்த்துக் களைத்திருக்கும் நேரத்தில் ஒருவர் போனை நீட்டினால் எரிச்சல் வருவது மனித இயல்புதான். ஆனால் அன்றைக்கு விரட்டிவிட்டால் அவர் வீடியோ பார்ப்பதை நிறுத்தப் போவதில்லை, எங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுவார். அதுதான் ஆபத்து.

எங்கள் ஊரில் விசைத்தறி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், பிபி நோயாளி, ஒருநாள் போனோடு வந்தார். "இந்துப்புக்கு மாறிட்டேம்மா, இனி உப்பை அளந்து போட வேண்டாமாம். பாருங்க" என்றார். சேர்ந்து பார்த்தோம். நாலாவது நிமிடத்தில் திரையின் கீழே உப்பு வாங்குவதற்கான போன் நம்பர் வந்தது. "இதைக் கவனிச்சீங்களா அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார். மறுமுறை வரும்போது அந்த இந்துப்புப் பாக்கெட்டையும் வீட்டுத் தூள் உப்புப் பாக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டின் பின்பக்கத்தையும் அவரே படித்தார். நூறு கிராமில் சோடியம் எவ்வளவு என்ற இடத்தில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்தான். "அப்போ நிறம்தான் வேறயா?" என்றார். ஆமாம், பிபியைப் பொறுத்தவரை அவ்வளவுதான். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பில் பல வகைகளில் அயோடின் சேர்த்திருப்பதில்லை என்பது கூடுதல் நஷ்டம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பது வேறு பொருள். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு வரும் வீடியோக்களில் போன் நம்பரைத் தானே தேடுகிறார். இது கற்றுக்கொடுத்தால் வரும் திறமைதான். உகாண்டாவில் 120 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஒரு பருவம் முழுக்க, படக்கதைப் புத்தகம் வைத்து, 'இந்த மருந்து நல்லது' என்று யாராவது சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முடிவில் வைத்த தேர்வில் பாடம் படித்த பிள்ளைகளில் 69 சதவீதம் தேறினார்கள், படிக்காத பள்ளிகளில் 27 சதவீதம். 2017இல் வந்த முடிவு இது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முடிகிறது என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு முடியாதா? நம் பள்ளிகளிலும் இப்படி ஒரு பாடம் வர வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் போகும்போது, "கூகுளில் பார்த்தேன்" என்று தொடங்காமல், "சார், ஒரே ஒரு சந்தேகம்" என்று கேளுங்கள். வீடியோ முழுவதையும் போடாமல், பயமுறுத்திய அந்த ஒரு வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்கும் எரிந்து விழுந்தால் வேறு டாக்டரைப் பார்ப்பது உங்கள் உரிமை.

கேள்வி: நீங்கள் ஆங்கில மருத்துவர் என்பதால் நாட்டு மருந்தை மட்டம் தட்டுகிறீர்களா? இயற்கையில் கெடுதல் ஏது? (வாசகர், பாபநாசம்)

பதில்: மட்டம் தட்டவில்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. படித்து, பதிவு செய்த சித்த மருத்துவர் நாடி பார்த்துத் தருவதும், முகம் தெரியாத ஒருவர் கூரியரில் அனுப்பும் பொடியும் ஒன்றாகாது.

இயற்கையில் கெடுதல் உண்டு. 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி, உடம்புக்கு நல்லது என்று வழக்கமாகக் குடித்துவந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். அன்றைய காய் கசப்பு. கசப்புச் சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கும். பாகற்காய்ச் சாறும் கலந்திருந்ததால் கசப்பு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு, முதலில் சிறு துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே எறிந்துவிடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள் என்று சொன்னது. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்க இரும்பன்புளிச் சாற்றை அடர்த்தியாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைப் பற்றி 2013இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். இரண்டுமே காலங்காலமாகக் குழம்பில் போட்டுச் சாப்பிடுபவைதான். பச்சையாக, சாறாக, டம்ளர் கணக்கில் என்று ஆனபோதுதான் வினை.

கேள்வி: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஏஐயிடம் போட்டால் அழகாகத் தமிழிலேயே விளக்குகிறது. நம்பலாமா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்களைப் புரிந்துகொள்ளவும், டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தயார் செய்யவும் பயன்படுத்துங்கள் தம்பி. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மருந்தின் அளவை மாற்றவோ ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சாப்பிடவோ அதைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர் சாப்பாட்டு உப்பை விட்டுவிட நினைத்து ஏஐயிடம் யோசனை கேட்டு, அதற்குப் பதிலாகச் சோடியம் புரோமைடு என்ற வேதிப்பொருளை மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைப்பதாகச் சந்தேகப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார். புரோமைடு நஞ்சால் வந்த மனக்குழப்பம் அது. மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். 2025இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. கேட்டவருக்கு என்ன வியாதி, எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு டாக்டர் திருப்பிக் கேட்டிருப்பார்.

இன்னொரு விஷயம், புகழ்பெற்ற இதய மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் ஏஐயால் போலியாகச் செய்து மருந்து விற்கிறார்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு அது தெரிந்துவிடும். வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தெரியாது. ஒரு போலி வீடியோவை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, உதடும் பேச்சும் ஒட்டாமல் இருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: எதையெல்லாம் நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். தமிழில் எதைத்தான் பார்ப்பது? (ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: காக்ரேன் என்ற அமைப்பின் தளத்தில், ஒரு சிகிச்சை பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து எழுதிய சுருக்கங்கள் சில தமிழிலும் இருக்கின்றன. சில இடங்களில் நடை கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல சுருக்கங்கள் 'ஆதாரம் போதவில்லை' என்று முடியும். அப்படி ஒப்புக்கொள்வதால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை. பேசுபவர் மருத்துவர்தானா என்று சந்தேகம் வந்தால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். வாட்ஸ்அப் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது, முதலில் எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாது. அவசரமில்லாத சந்தேகத்துக்குத் தமிழக அரசின் 104 தொலைபேசி உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்து, அவரவர் போனில் கடைசியாக வந்த மருத்துவச் செய்தி ஒன்றை எடுத்துவைத்துப் பேசிப் பாருங்களேன். என்ன நடந்தது என்று எழுதினால் அடுத்த மாதம் இதே பக்கத்தில் போடுகிறோம்.